பிள்ளைகள் இருக்கும் ஊரில் துப்பாக்கி: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் டெக்சாஸில் நான் குடியிருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது, பக்கத்து வீட்டுக்காரர் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனால் இடுப்பில் துப்பாக்கி தொங்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். பெரும்பாலும் அங்கே பிள்ளைகளை வைத்திருக்கிற அம்மா அப்பாக்கள் எழுதியவை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா): என் மகன் டாலஸில் வேலை பார்க்கிறான். அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு என்று டிவியில் போட்டாலே எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவன் போனை எடுக்கும் வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அம்மா, அது இங்கிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டர்" என்று சிரிக்கிறான். நிஜமாகவே அவ்வளவு ஆபத்தான ஊரா, இல்லை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: அம்மா, ஆபத்து இருப்பது நிஜம். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுகிறீர்களோ, அந்தப் பக்கம் அது அவ்வளவாக இல்லை. நிதானமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2023-ஆம் வருஷம் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள் 46,728 பேர். தினம் 128 பேர் என்று வருகிறது, ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்று ஒரு நாள் விடாமல். இதில் எத்தனை பேர் நம் வீட்டு டிவி வரைக்கும் வருகிறார்கள்? ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ மாலிலோ ஒருவன் புகுந்து கண்டபடி சுட்டால்தான் நமக்குச் செய்தி. மற்ற நாட்களில் செத்தவர்கள் யார் என்று பார்த்தால், அந்த 46,728-ல் 27,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர். அடுத்தவர் கையால் கொலையானவர்கள் 17,927. மிச்சம் கை தவறி வெடித்தது, போலீஸ் சுட்டது, என்ன நடந்தது என்று தெரியாமலே போனது. அங்கே போய் நாலு வருஷம் கழித்துத்தான் இந்தக் கணக்கு என் கண்ணில் பட்டது. அதுவரை நானும் உங்களைப் போலத்தான், கடைக்குள் நுழைந்ததும் பின்பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

சரி, அந்தக் "கண்டபடி சுட்ட" சம்பவங்கள் எத்தனை? இதற்கு ஆளுக்கு ஒரு கணக்கு. பொது இடத்தில் ஒருவன் ஆட்களைக் கொல்லவென்றே சுட்டுக்கொண்டு போவதை மட்டும் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. எண்ணுகிறது, அந்தக் கணக்கில் 2023-ல் 48 சம்பவங்கள், 105 பேர் இறந்தார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் நாலு பேருக்கோ அதற்கு மேலோ குண்டு பட்டால் எண்ணுகிற இன்னொரு அமைப்பு இருக்கிறது, அதன் கணக்கில் அதே வருஷம் 650-க்கும் மேல். வீட்டுச் சண்டை, குடித்துவிட்டு நடந்த தகராறு, கும்பல் பகை எல்லாம் அதில் சேர்த்தி. நம் செய்தி சேனல்கள் 650 என்ற எண்ணைப் போட்டுவிட்டுப் பின்னால் பள்ளிக்கூடத்துப் படத்தைக் காட்டுகின்றன. பார்க்கிறவர்களுக்கு 650 பள்ளிக்கூடங்களில் நடந்தது போலத்தானே இருக்கும்? இதில் எனக்குக் கோபமே உண்டு. ராணுவ ரகத் துப்பாக்கியையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே, 2020-ஆம் வருஷத்து எஃப்.பி.ஐ. கணக்கில் துப்பாக்கிக் கொலைகளில் 59 சதவீதம் கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கியான ரைஃபிள் எல்லா ரகமும் சேர்த்தே 3 சதவீதம்தான். மீதியில் பெரும்பாலும் என்ன ரகம் என்று பதிவாகவில்லை.

நம்மவர்களுக்கு எதுவுமே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 2012-ல் விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக் குருத்வாராவில் வழிபட வந்தவர்களை ஒரு வெறியன் சுட்டான், 2017-ல் கன்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஒரு மதுக்கூடத்தில் நம் நாட்டு இன்ஜினியர் ஒருவரை இனவெறியில் சுட்டுக் கொன்றார்கள். பெட்ரோல் பங்கிலும் மோட்டல் கவுன்டரிலும் ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்குக் கொள்ளைக்காரன் பயம் நிஜமான பயம். உங்கள் மகன் அந்த மாதிரி வேலையில் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் துப்பாக்கிச்சூடு செய்தி வந்த அன்றைக்கு "பத்திரமா இருக்கியா" என்று கேட்பதோடு நிறுத்தாமல், சாதாரண நாளிலும் போன் போட்டு, தூக்கம் வருகிறதா, யாரோடு சாப்பிடுகிறான், வேலையில் என்ன பிரச்சினை, விசா என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். தனிமையும் தூக்கமில்லாத ராத்திரியும்தான் அங்கே அதிகம் பேரைக் கொண்டுபோகிறது. அவன் சிரிக்காமல் பேசுகிற நாள் எது என்று அம்மாவுக்குத் தெரியும்.

கேள்வி (திருச்சி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்): அமெரிக்காவில் ஜனத்தொகையைவிடத் துப்பாக்கி அதிகம் என்கிறார்களே, அப்படியானால் வீட்டுக்கு வீடு இருக்குமா?

பதில்: முதல் பாதி சரி ஐயா, இரண்டாவது பாதி தவறு. ஜெனீவாவில் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்று ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 2017 நிலவரப்படி உலகம் முழுக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 85.7 கோடி துப்பாக்கி, அதில் 39.3 கோடி அமெரிக்காவில் மட்டும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நூறு பேருக்கு 120 துப்பாக்கி. நாடுகளில் இரண்டாவது இடத்தில் இருந்த ஏமனில் நூறு பேருக்கு 53 அளவில்தான், அங்கே அப்போது போரே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் சராசரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்ன பெரியவர்கள் 32 சதவீதம். வீட்டில் யாரிடமாவது இருக்கிறது என்பவர்களையும் சேர்த்தால் பத்தில் நாலு பேர். அப்படியானால் அத்தனை துப்பாக்கியும் எங்கே? ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகக்காரர்கள் 2015-ல் எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் இருக்கிற துப்பாக்கிகளில் பாதியை வைத்திருப்பவர்கள் பெரியவர்களில் வெறும் 3 சதவீதம், ஆளுக்குச் சராசரி 17. சேமிப்புக் கணக்கில் யார் கையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

மாநிலத்துக்கு மாநிலமும் வேறு. மொன்டானா, வயோமிங் பக்கம் மூன்றில் இரண்டு வீட்டில் இருக்கும். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சியில் ஏழு வீட்டுக்கு ஒன்று தேறினால் அதிகம். சாவும் அதையொட்டியே போகிறது. 2021-ல் லட்சம் பேருக்கு மிசிசிப்பியில் 33.9 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள், மாசசூசெட்ஸில் 3.4. ஒரே நாட்டுக்குள் பத்து மடங்கு வித்தியாசம்.

ஏன் வாங்குகிறார்கள் என்பதுதான் மாறிப்போன விஷயம். 1999-ல் கேட்டபோது பாதிப் பேர் வேட்டைக்கு என்றார்கள், தற்காப்புக்கு என்றவர்கள் 26 சதவீதம். 2023-ல் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் தற்காப்புதான் முக்கியமான காரணம் என்கிறார்கள். தாத்தா மான் வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கி கொட்டகையில் கிடந்தது, பேரன் பயத்துக்கு வாங்கியது தலைமாட்டில் இருக்கிறது. கொட்டகையில் கிடந்ததைப் போய் எடுத்துவரவே நேரம் பிடிக்கும், தலைமாட்டில் இருப்பதற்குக் கையை நீட்டினால் போதும்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): அமெரிக்காவில் குற்றங்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்று ஒரு இடத்தில் படித்தேன். அப்படியானால் அங்கே இருக்கிற மக்களே ஏன் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. 1993-தான் அங்கே மோசமான காலம், லட்சத்துக்கு 7 பேர் துப்பாக்கியால் கொலையானார்கள். 2010-ல் அது 3.6. ஏறக்குறையப் பாதி. 2013-ல் பியூ மையம் ஜனங்களிடம், இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிடத் துப்பாக்கிக் குற்றம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டது. 56 சதவீதம் பேர் கூடியிருக்கிறது என்றார்கள். குறைந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னவர்கள் 12 சதவீதம்.

கருத்துக்கணிப்பு நடத்துகிற கேலப் நிறுவனம் பல வருஷமாக இரண்டு கேள்வி கேட்டு வருகிறது. போன வருஷத்தைவிட நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா? உங்கள் ஊர்ப் பக்கம் கூடியிருக்கிறதா? 2023-ல் நாட்டில் கூடிவிட்டது என்றவர்கள் 77 சதவீதம், எங்கள் பக்கம் கூடிவிட்டது என்றவர்கள் 55 சதவீதம். இது நமக்குப் பழக்கமான பேச்சுதானே, "காலம் கெட்டுப்போச்சு, எங்க தெரு மட்டும் பரவாயில்லை" என்று எல்லாத் தெருவிலும் சொல்வார்கள். சொந்தத் தெருவைக் கண்ணால் பார்க்கிறோம், நாட்டை டிவியில்தான் பார்க்கிறோம். 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது அமெரிக்காவில் கொலை விகிதம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்த காலம், ஆனால் அதை நேரலையில் பார்த்த தலைமுறைக்கு அந்த வருஷங்கள் பயங்கரமான வருஷங்கள்.

அதற்காக ஜனங்கள் ஒன்றும் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று எழுதிவிடாதே (ஏதோ கட்டுரைப் போட்டிக்கு என்று எழுதியிருந்தாயே, அதனால் சொல்கிறேன்). 2020-ல் ஒரே வருஷத்தில் கொலைகள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியது நிஜம். பிறகு 2022-லிருந்து இறங்க ஆரம்பித்தது, 2023-லும் இறங்கியது. அப்புறம், பயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் 2023-ல் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் தங்கள் குடும்பத்தில் ஒருவர் துப்பாக்கியால் இறந்திருக்கிறார் என்றார்கள், தற்கொலையையும் சேர்த்து. கறுப்பின மக்களில் மூன்றில் ஒருவர் அப்படிச் சொன்னார்கள். சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம் போய் "உங்கள் பயம் டிவியால் வந்தது" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நான் அங்கே இருந்தபோது கூட வேலை பார்த்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், மகன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று தினமும் ராத்திரி அக்காவுக்கு மெசேஜ் அனுப்புவார். அக்காவும் தன் மகனைப் பற்றி அனுப்புவார். அந்த வீட்டில் பதின்மூன்று வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

கேள்வி (காரைக்குடி, எழுபது வயது வாசகர்): எங்கள் தலைமுறைக்குத் துப்பாக்கிச்சூடு என்றாலே எம்.ஜி.ஆர். சுடப்பட்டதுதான் ஞாபகம். அன்றைக்கு எங்கள் தெருவே அழுதது.

பதில்: நீங்கள் கேள்வியாக எழுதவில்லை, ஆனாலும் இதற்குப் பதில் எழுத ஆசை. அது 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டம், எம்.ஜி.ஆரின் சொந்த வீடு. சுட்டவர் எம்.ஆர்.ராதா, எத்தனையோ படத்தில் கூட நடித்தவர், வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தவர். அவரைச் சுட்ட கையோடு தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேருமே பிழைத்தது பெரிய விஷயம். எம்.ஜி.ஆருக்குக் குரல் போனது உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்ததும் தெரியும்.

இதை ஒரு தடவை அமெரிக்கப் புள்ளிவிவரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் ஐயா. வீட்டுக்குள் நடந்தது. கைத்துப்பாக்கி. தெரிந்த ஆள். பேச்சு முற்றி வந்தது. சுட்டவர் துப்பாக்கியைத் தன் பக்கமும் திருப்பினார். அங்கே தினம் தினம் நடப்பதில் பெரும்பகுதி இதே மாதிரிதான், நம் தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான துப்பாக்கிச் சம்பவத்திலேயே அத்தனையும் இருக்கிறது.

கேள்வி (டெக்சாஸிலிருந்து ஒரு தமிழ் வாசகர்): பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன், போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. எங்கள் குடியிருப்பில் இரண்டு வீட்டில் திருட்டு நடந்ததிலிருந்து, ஒன்று வாங்கி வைத்துக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டில் மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன். வாங்கலாமா?

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். எச்1பி, மாணவர் விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது, வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் குடிமக்களைப் போலவே வாங்கலாம். கடையில் 4473 என்று ஒரு படிவம் நிரப்பித் தருவீர்கள், கடைக்காரர் மத்திய அரசின் பதிவேட்டில் சரிபார்ப்பார், பெரும்பாலும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதி உள்ள 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துப் போகலாம்.

சட்டம் அனுமதிக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருக்கிற ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு அதிகம். பெண்களில் 35 மடங்கு. அதே குழு 2022-ல் இன்னொன்றைப் பார்த்தது. தன்னிடம் இல்லை, ஆனால் கூடக் குடியிருப்பவரிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது என்றால், அவர் கொலையாகிற வாய்ப்பு, துப்பாக்கியே இல்லாத வீட்டில் இருப்பவரைவிட இரண்டு மடங்குக்கு மேல். வீட்டைக் காக்கத்தானே வாங்குகிறோம்? கூட இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கூடியிருந்தால் அது அந்தக் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

திருடன் வருவது பத்து வருஷத்தில் ஒரு ராத்திரி, வராமலும் போகலாம். மனசு உடைகிற ராத்திரி எல்லா வீட்டிலும் வரும். வேலை போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும், பையனுக்குப் பதினாறு வயதில் பரீட்சையோ காதலோ தோற்கும். சாக நினைத்துத் துப்பாக்கி இல்லாத வழியைத் தேடினவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதே இல்லை. அந்த அரை மணி நேரம் தாண்டிவிட்டால் ஆள் மிஞ்சுவான், துப்பாக்கி அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காது. உங்கள் பையனுக்கு இப்போது பன்னிரண்டு. யோசியுங்கள். (மனசு சரியில்லாத நேரத்தில் அங்கே 988 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104.)

திருட்டுக்கு நல்ல பூட்டு, வாசலில் விளக்கு, கேமரா, ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை, இதெல்லாம் செய்யுங்கள். இதையும் மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும், ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதை நம்பாதீர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டிலும் கிடையாது. தோட்டா போட்டுப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி இருக்கிற வீடுகளில் 46 லட்சம் குழந்தைகள் வளர்கிறார்கள் என்று 2021-ல் எடுத்த ஒரு கணக்கு. 2020-லிருந்து அங்கே 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், கார் விபத்தையும் தாண்டிவிட்டது.

இன்னொன்று. பையன் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போவதற்கு முன்னால், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று அவர்களிடம் கேட்டுவிடுங்கள். எனக்கும் முதலில் நாக்கு எழவில்லை. நம்மூரில் ஒருத்தர் வீட்டைப் பற்றி அப்படிக் கேட்டால் ஆயுசுக்கும் பேச மாட்டார்கள். என் மகள், இடுப்பில் துப்பாக்கி கட்டுகிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் பேத்தியோடு விளையாட ஆசைப்பட்டாள், ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டுக் கடைசியில் வேலியோரம் நின்று கேட்டேன். மனுஷர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் தரையோடு திருகு போட்டு முடுக்கியிருந்த பெட்டியைக் காட்டி, கைப்பிடியை நாலு தடவை இழுத்துக் காட்டினார். கேட்டது நல்லதாய்ப் போயிற்று, இது வரை யாருமே கேட்டதில்லை என்றார்.

கேள்வி (சேலம்): சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் அமைதியாகத்தானே இருக்கிறது?

பதில்: வீட்டுக்கு வீடு இல்லை, நூறு பேருக்கு 28 அளவில். ராணுவப் பயிற்சி முடித்தவர்கள் ரைஃபிளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 2007-லிருந்து தோட்டாவை அரசு திரும்ப வாங்கிவிட்டது. கைத்துப்பாக்கி வாங்கப் பெர்மிட் வேண்டும், வெளியில் கொண்டுபோகத் தனிப் பெர்மிட், அதற்குப் பரீட்சை. கொலை குறைவு என்பது சரிதான். ஆனால் அங்கேயும் துப்பாக்கிச் சாவில் பெரும்பகுதி தற்கொலை. 2003-ல் ராணுவத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள், அத்தனை வீட்டிலிருந்து ரைஃபிள் வெளியே போயிற்று, அந்த வயது ஆண்களின் தற்கொலையும் இறங்கியது. யாரும் அதற்காகச் செய்த சீர்திருத்தம் கூட இல்லை அது. 2001-ல் ட்சூக் நகரத்தில் மாநில சட்டமன்றத்துக்குள்ளேயே ஒருவன் 14 பேரைச் சுட்டுக் கொன்றதும் அங்கேதான்.

கேள்வி (வேலூர்): இவ்வளவு பேர் சாகிறார்கள் என்றால் தடை செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

பதில்: 1791-ல் அரசியல் சாசனத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்துக்கொள்வதை உரிமை என்கிறது. அது தனிமனிதருக்கும் உண்டு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது, 2022-ல் வீட்டுக்கு வெளியே எடுத்துப் போகவும் உரிமை உண்டு என்றது. ஆக முழுத் தடை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் மக்கள் கேட்பது தடையும் இல்லை. 2023-ல் 58 சதவீதம் பேர் சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்றார்கள், வாங்கும் வயதை 21 ஆக்க வேண்டும் என்பதற்கு 79 சதவீதம் ஆதரவு. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்த ஒரு மாதத்தில் துப்பாக்கி பற்றி ஒரு மத்தியச் சட்டம் வந்தது, முப்பது வருஷத்தில் அந்த அளவுக்கு ஒன்று வந்தது அதுதான். எனக்குப் போதாது என்றுதான் தோன்றுகிறது. துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று நாடு முழுக்க ஒரு சட்டம் போட்டால் அதிகம் உயிர் மிஞ்சும், அதற்கு யார் உரிமையையும் பறிக்க வேண்டியதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர், கல்லூரி மாணவி): பெண்கள் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் தாராளமாகக் கொடுத்தால் என்ன?

பதில்: 2016 கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் லைசென்ஸ் இருந்தது, தமிழ்நாட்டில் சுமார் 22,500. உத்தரப் பிரதேசத்துப் பெண்கள் நம்மைவிட நிம்மதியாக ராத்திரி பஸ் ஏறுகிறார்களா என்று நீயே சொல்லம்மா. லைசென்ஸ் வாங்கினால் அது பெரும்பாலும் அப்பா, அண்ணன், புருஷன் பேரில்தான் இருக்கும், அவர்கள் கோபப்படுகிற வீட்டில்தான் இருக்கும். நம் ஊரில் ஆத்திரத்துக்குக் கையில் கிடைப்பது அரிவாள். அதிலிருந்து ஓடித் தப்பித்தவர்கள் உண்டு.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி): ஜூன் மாதம் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. ஆறு வயதுப் பேத்தியைக் காணோம். தேடினால், கதவுக்குப் பக்கத்துச் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் உதட்டில் விரலை வைக்கிறாள். மகளைக் கேட்டால், "ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: பாட்டி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. என் மகளும் அப்படித்தான் உட்காருவாள்.

அங்கே கிட்டத்தட்ட எல்லா அரசுப் பள்ளியிலும், துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்துகிறார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், டீச்சர் கதவைப் பூட்டி விளக்கை அணைப்பார், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத சுவரோரம் பிள்ளைகளை நெருக்கமாக உட்கார வைப்பார். யாரும் பேசக்கூடாது. ஒரு நாள் மகள் வீட்டுக்கு வந்து, "எனக்கு இருமல் வந்துச்சு, நான் முழுங்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். ஐந்து வயது அப்போது. பள்ளிக்குள் ஒருவன் புகுந்து சுடுவது மிக மிக அரிது என்று இந்தப் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்கிறேன், அது உண்மை. ஆனால் ஒத்திகை எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறது. உங்கள் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணமும் அதுதான், அவளைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

பேத்திக்கு விளக்கு அணைந்தால் அந்த அர்த்தம்தான் தெரியும். நம்மூரில் கரண்ட் போனால் வேறு என்ன செய்வோம் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த தடவை வந்தால் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய் மெழுகுவத்தி எங்கே, தீப்பெட்டி எங்கே, விசிறி எங்கே என்று காட்டுங்கள். டார்ச்சை அவள் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். கரண்ட் போனதும், "டார்ச்சு யாருகிட்ட?" என்று நீங்கள் இருட்டில் சத்தமாகக் கேளுங்கள், அவள் சத்தமாகப் பதில் சொல்லட்டும். அப்புறம் எல்லாரும் வாசல் திண்ணைக்கு வந்து உட்காருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிடுவார்கள்.